கதை விளையாட்டும் காயம்பட்ட பிள்ளை மனமும்



ஆண்டுதோறும் இம்மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்பார்கள். நானும் திருவிழா வரலாறு, திருமுறைச் சிறப்பு என்று ஏதாவதொன்றை எழுதிக் கொடுத்துக் கடமையை முடித்துக்கொள்வேன். இம்முறை பிள்ளைகளைப் பற்றி எழுத விரும்பினேன். நீங்கள் மனமுவந்து வழங்கும் நன்கொடையில் ஒரு பகுதி ஆதரவற்ற பிள்ளைகள் இல்லங்களுக்குப் போகிறது. அரிசி எத்தனை மூட்டை, பள்ளிச் சீருடை எத்தனை, தீபாவளித் துணிக்கு எத்தனை வெள்ளி என்பதைக் கணக்கறிக்கையில் பார்க்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளின் மனத்திற்கு என்ன செய்தோம் என்று ஒரு கொடையாளர் சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேட்டார். யாரிடமும் சரியான பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு என்னால் இயன்ற பதில்தான் இக்கட்டுரை.

முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாள் என்பதால் பத்து பெரிங்கி, பாசிர் பாஞ்சாங் கடற்கரைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் கூடியிருந்தார்கள். மதிய வேளையில் சுனாமி வந்தது. மலேசியாவில் உயிரிழந்த 68 பேரில் பெரும்பாலோர் நம் பினாங்கைச் சேர்ந்தவர்கள். அப்போது நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு வகுப்பாசிரியர். ஜனவரியில் பள்ளி திறந்ததும் முதல் கட்டுரைத் தலைப்பு என்னவென்று உங்களுக்கே தெரியும்: ‘விடுமுறையில் என் அனுபவம்’. என் வகுப்பில் ஒரு பையன் அந்த அலையில் தன் அண்ணனை இழந்தவன். இரண்டாம் வாரம்தான் பள்ளிக்கு வந்தான். எனக்கு விஷயம் தெரியும். தெரிந்துதான் அவனையும் எழுதச் சொன்னேன். எழுதினால் மனபாரம் குறையும் என்று நம்பினேன். அவன் சும்மா உட்கார்ந்திருந்ததால் பக்கத்தில் போய் நின்று, “ஒரு வரியாவது எழுதப்பா” என்று தோளைத் தொட்டேன். அவன் தாளை நான்காகக் கிழித்து மேசைக்குள் வைத்தான். அன்று முதல் ஆண்டு முடியும்வரை அந்தப் பையன் என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

பேரிடருக்கு ஆளானவரை உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் சொல்லச் சொல்லி ஒரே அமர்வில் முடித்துவிடும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தேன். உளவியல் முதலுதவி பற்றி அந்நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேடு, பேச விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள் என்கிறது. அருகில் இருங்கள், அவராகப் பேசினால் கேளுங்கள் என்பதே அதன் அறிவுரை. இதை எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

அப்படியானால் காயம்பட்ட பிள்ளையை மௌனமாகவே விட்டுவிடுவதா? அங்கேதான் கதை வருகிறது.

நம் பாட்டிமார் கதை சொல்லும்போது ஒரு நிபந்தனை வைப்பார்கள். கேட்கிறவர் ‘உம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடாவிட்டால் புலவரால் அடுத்த அடிக்குப் போக முடியாது. வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் விக்கிரமாதித்தனைக் கேள்வி கேட்கிறது. மன்னன் வாய் திறந்தால்தான் அடுத்த கதை. ஆகவே கதை என்பது இருவர் சேர்ந்து செய்கிற காரியம் என்று நம்மவர்கள் என்றோ அறிந்திருந்தார்கள்.

மகாபாரதம் சொல்லப்பட்ட இடத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். ஜனமேஜயன் பாம்பு கடித்து மாண்ட பரீட்சித்துவின் மகன். தந்தையைப் பறிகொடுத்த துயரமும் கோபமும் சேர்ந்து, உலகிலுள்ள பாம்புகளை எல்லாம் தீயிலிடச் சர்ப்ப யாகம் தொடங்குகிறான். அந்த யாகசாலையில்தான் வைசம்பாயனர் அவனுக்குப் பாரதத்தைச் சொல்கிறார். அவன் இடையிடையே கேட்கிறான்: ஏன் அப்படி நடந்தது, பிறகு என்ன ஆனது, அதை விரிவாகச் சொல்லுங்கள் என்று. அவன் கேட்கக் கேட்கக் கதை விரிகிறது. தந்தையை இழந்த மகனிடம் அவனுடைய துக்கத்தைப் பற்றி யாரும் நேரே விசாரிக்கவில்லை. அவன் முன்னோர் கதையைச் சொன்னார்கள். நான் பல முறை படித்த பாரதம்தான். இந்தக் கோணத்தில் பார்க்க அறுபது வயது ஆக வேண்டியிருந்தது.

மேலை நாட்டு மருத்துவர்கள் இதே வழிக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தார்கள். லண்டனில் டொனால்ட் வினிகாட் என்றொரு குழந்தை மருத்துவர் இருந்தார். பாடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பணியாற்றியவர். தம்மிடம் அழைத்து வரப்படும் பிள்ளையிடம் “உனக்கு என்ன கஷ்டம்?” என்று கேட்க மாட்டார். ஒரு தாளை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோணல் கோடு கிறுக்குவார். பிள்ளை அதை ஏதாவது ஓர் உருவமாக மாற்ற வேண்டும். அடுத்துப் பிள்ளை கிறுக்கும், மருத்துவர் மாற்றுவார். கோடு பாம்பாகும், பாம்பு சாலையாகும், சாலையில் யாரோ வருவார்கள். இப்படியே இருபது முப்பது தாள் போனதும், பிள்ளை தன்னையறியாமல் தனக்கு முக்கியமான ஒன்றைத் தாளில் வைத்துவிடும். மருத்துவரும் கிறுக்குகிறார், அவருடைய கிறுக்கலும் கோணல்தான் என்பதில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது. அங்கே பரீட்சை இல்லை, மதிப்பெண் இல்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1971இல் ஒரு நூலில் விளக்கிய முறை சற்று வேறுபட்டது. பிள்ளை ஒரு கதையைக் கட்டிச் சொல்லும். பிறகு மருத்துவர் அதே பாத்திரங்களை, அதே இடத்தை வைத்துக்கொண்டு, முடிவை மட்டும் கொஞ்சம் நல்வழியில் திருப்பித் தம் கதையைச் சொல்வார். பிள்ளையின் கதையில் நாய் கடித்துக் குதறிவிட்டு ஓடினால், மருத்துவரின் கதையில் அதே நாய் பசியை வேறு வழியில் சொல்லக் கற்றுக்கொள்ளும். கதைக்கு ஒரு நீதியும் உண்டு. வாத்தியார் என்பதால் எனக்கு முதலில் இந்த முறைதான் மிகவும் பிடித்தது. இப்போது அவ்வளவு இல்லை. பெரியவர் திருத்துகிறார் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை அவருக்குப் பிடித்தமான கதையைச் சொல்லத் தொடங்கிவிடும். நம் பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள்.

தமிழ்ப் பிள்ளைகளிடையே இவ்வகையில் நடந்த பெரும் முயற்சியைக் காண நாம் மட்டக்களப்புக்குப் போக வேண்டும். 1990ஆம் ஆண்டின் படுகொலைகளுக்குப் பிறகு அங்கே தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் ஒன்றையொன்று அஞ்சி வாழ்ந்தன. பக்கத்துப் பக்கத்துப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் அறியாமல் வளர்ந்தார்கள். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவொன்று போர்ச்சூழலில் வாழும் பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1996இல் மட்டக்களப்பு நகரில் ‘வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா’ தொடங்கப்பட்டது. பால் ஹோகன் என்னும் கனடியக் கலைஞரும், உளவளத்துணையில் தேர்ந்த இயேசு சபைத் துறவியான பால் சற்குணநாயகம் அடிகளாரும் அதற்கு முன்னின்றார்கள்.

அங்கே நடந்தது இதுதான். தமிழ்க் கிராமத்திலிருந்து பாதி, முஸ்லிம் கிராமத்திலிருந்து பாதி எனச் சுமார் ஐம்பது பிள்ளைகள் ஒரு நாளுக்கு வருவார்கள். பேருந்து அனுப்பி அழைத்து வருவார்கள். வாரம் ஒரு நாள், தொடர்ந்து ஒன்பது மாதம். மதில் சூழ்ந்த தோட்டம்; உள்ளே மரம், செடி, வளர்ப்பு விலங்குகள், களிமண், வண்ணம், முகமூடி, மத்தளம். பிள்ளைகள் சேர்ந்து கதை கட்டுவார்கள். கதை பொம்மையாகும், பாட்டாகும், பிறகு கூத்தாக மேடையேறும். பிள்ளைகளை வழிநடத்தியவர்களில் பலர் தாமே போரில் அடிபட்ட உள்ளூர் இளைஞர்கள். யுத்தத்தில் உனக்கு என்ன நேர்ந்தது என்று எந்தப் பிள்ளையையும் கேட்கவில்லை. யாரையாவது தனியே கவனிக்க வேண்டும் என்று தோன்றினால் உளவளத்துணையாளர் பொறுப்பேற்பார். மற்றவர்களுக்கு மண்ணும் கதையும் காலமும் போதுமான வேலையைச் செய்யும் என்று நம்பினார்கள்.

ஒன்பது மாதம் என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. நாம் ஒரு நாள் நிகழ்ச்சி நடத்தி, பதாகை கட்டி, படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இதே கிழக்கிலும் வடக்கிலும் 2004 சுனாமிக்குப் பிறகு இன்னொரு முறையும் பரீட்சிக்கப்பட்டது. அதில் பிள்ளை தன் சொந்த வாழ்க்கையையே கதையாகச் சொல்கிறது. தரையில் ஒரு கயிற்றை நீட்டி வைப்பார்கள். பிறந்த நாள் ஒரு முனை. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். பிறகு முதலிலிருந்து வரிசையாகப் பேச வேண்டும். பெரும் அச்சம் பட்ட நினைவுக்குத் தேதி கிடையாது, அது எப்போதும் இன்றைக்கே நடப்பதுபோல் வந்து மிரட்டும் என்கிறார்கள் உளவியலாளர்கள். கயிற்றில் ஓரிடத்தில் கல்லாக வைத்துவிட்டால் அதற்கு முன்னும் ஒன்று உண்டு, பின்னும் ஒன்று உண்டு என்பது பிள்ளைக்குப் புலப்படும். இலங்கையின் வடகிழக்கில் ஓர் அகதி முகாமில் 31 பிள்ளைகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இம்முறையையும் மற்றதற்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வுகள் அளித்தார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்களே நடத்தினார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வின்படி ஆறு மாதம் கழித்து முதல் பிரிவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 71 விழுக்காட்டினரும் நோய்நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள். தியானமும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது நம் ஆலய அன்பர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடும். ஆனால் 31 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதை வைத்துப் பெரிதாக முழங்க வேண்டாம்.

கல்லும் பூவும் வைக்கும் முறை தேர்ச்சி பெற்றவர்களுக்கு உரியது. நம்மைப் போன்றவர்கள் அதைக் கையில் எடுக்கக் கூடாது. நாம் செய்யக்கூடியது வட்டமாக அமர்ந்து கதை வளர்க்கும் விளையாட்டு மட்டுமே. சனிக்கிழமை மாலைகளில் ஓர் இல்லத்தில் நானும் இன்னும் மூவரும் அதைத்தான் செய்கிறோம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் எங்களைப் பழக்கினார். இன்றும் அவர் இல்லாமல் நாங்கள் உட்காருவதில்லை.

ஒரு துணிப்பையில் சில சாமான்கள் இருக்கும். சாவி, சங்கு, ஓடாத கைக்கடிகாரம், தேங்காய்ச் சிரட்டை, மரயானை. கையை விட்டு எடுப்பதை வைத்து ஒரு பிள்ளை ஒரு வாக்கியம் சொல்லும். அடுத்த பிள்ளை தொடரும். யார் சொன்னதையும் ‘தப்பு’ என்று சொல்லக் கூடாது. சொல்ல விருப்பமில்லாதவர் பையை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். ஏன் என்று கேட்க மாட்டோம். கதையில் வரும் பிள்ளை நீதானா என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. யானை அழுதால் யானையைப் பற்றித்தான் பேச வேண்டும். தொடங்கும்போது ஒரு விளக்கு ஏற்றுவோம்; முடியும்போது கதையில் உள்ள எல்லாரும் இரவு தங்க ஓர் இடம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். பயங்கரமான இடத்தில் கதையை நிறுத்தி ‘தொடரும்’ போடுவது வார இதழ்களுக்குச் சரி. இந்தப் பிள்ளைகள் அன்றிரவு அதோடு படுக்க வேண்டும்.

ஒரு பெண்பிள்ளை. வயது ஒன்பது இருக்கும். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். பை தன்னிடம் வரும்போதெல்லாம், எதை எடுத்தாலும், “அப்புறம் மழை பேஞ்சிச்சு” என்பாள். அவ்வளவுதான். ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். மற்ற பிள்ளைகள் “ஐயா, இவ மறுபடியும் மழையக் கொண்டாந்துட்டா” என்று முறையிட்டார்கள். “வேறு ஏதாவது சொல்லேன்மா” என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அம்மையார் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

கதையில் அப்போது ஒரு யானை கெடாவிலிருந்து நடந்து வந்து பினாங்குப் பாலத்தைக் கடக்க நின்றது. டோல் சாவடியில் அதனிடம் டச் அண்ட் கோ அட்டை இல்லை. என்ன செய்வதென்று எல்லாரும் விழிக்கும்போது அவள் முறை வந்தது. மழை பெய்தது. அடுத்திருந்த ஒரு துடுக்குப் பையன், மழையில் சாவடி முழுக்க வெள்ளம் வந்து எந்திரம் கெட்டுப்போனது, அதனால் அன்றைக்கு எல்லாருக்கும் இலவசம் என்று சொல்லிவிட்டான். ஒரே ஆரவாரம். அவளும் சிரித்தாள். அவள் பல்லை அன்றுதான் பார்த்தேன். மறுவாரம் அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. பை அவள் இடத்திற்கு வந்ததும் பிள்ளைகள் தாமாகவே நிறுத்தி, ஒரே குரலில் “மழை பேஞ்சிச்சு” என்று சொல்லிவிட்டுத்தான் கடந்தார்கள்.

மழையில் அவளுக்கு ஏதாவது நேர்ந்ததா, ஒன்றுமே இல்லையா, நான் கேட்கவில்லை. பின்னர் அவள் இரண்டு மூன்று வாக்கியங்கள் சேர்த்துச் சொல்லத் தொடங்கினாள். அதே காலத்தில் மருத்துவமனையிலும் அவளுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. ஆகையால் கதையால்தான் குணமானாள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இப்போது பெருநிலத்தில் தன் அத்தை வீட்டில் இருக்கிறாள்.

இனி கொடையாளர் பெருமக்களிடம் உரிமையோடு ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். பிறந்தநாள், திருமணநாள் என்று நீங்கள் இல்லங்களில் அன்னதானம் செய்கிறீர்கள். பெரும் புண்ணியம். ஆனால் சாப்பாடு போட்டுவிட்டுப் பிள்ளையை அருகில் அழைத்து, “உன் பெயர் என்ன? அப்பா எங்கே? அம்மா என்ன ஆனாங்க?” என்று கேட்கிறோமே, அதை யோசியுங்கள். ஒரு பிள்ளை ஒரே மாதத்தில் நான்கு குடும்பத்தாருக்குத் தன் கதையைச் சொல்லியதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே சொற்கள், அதே வரிசை, முகத்தில் ஒன்றுமில்லை. சொல்லி முடித்ததும் கேக் கிடைத்தது. என் 2005ஆம் ஆண்டுக் கட்டுரைத் தலைப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு கொடைதான். வேண்டுமானால் உங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லி, அவர்களை ‘உம்’ கொட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கதை விளையாட்டு மருந்துக்கு மாற்று ஆகாது. தூக்கம் கெட்ட பிள்ளை, சாப்பிட மறுக்கும் பிள்ளை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை, சாக வேண்டும் என்று பேசும் பிள்ளை உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கிரகக் கோளாறு என்று பரிகாரம் தேடி மாதங்களை ஓட்டக் கூடாது. அர்ச்சனை செய்யுங்கள், மருத்துவமனைக்கும் போங்கள். நம் நாட்டில் 2022இல் எடுக்கப்பட்ட தேசிய ஆய்வில் இடைநிலைப்பள்ளி வயதுப் பிள்ளைகளில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. இல்லத்துப் பிள்ளைகள் மட்டுமல்ல, நம் வீட்டுப் பிள்ளைகளும் இதில் அடக்கம். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம். கதைக்கு நடுவே ஒரு பிள்ளை தன்னை யாரோ துன்புறுத்துவதாகச் சொல்லிவிட்டால், அதைக் கதை என்று விட்டுவிடவும் கூடாது, நாமே துருவித் துருவி விசாரிக்கவும் கூடாது. நம்புகிறேன் என்று சொல்லி, பொறுப்பானவரிடம் தெரிவிக்க வேண்டும். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் மருத்துவர், குடும்பத்தார், பிள்ளைகளைப் பராமரிப்போர் ஆகியோருக்கு இதைக் கடமையாகவே விதித்திருக்கிறது. 15999 என்ற காசே தொலைபேசிச் சேவையிலும் புகார் செய்யலாம்.

எங்கள் நிர்வாகக் குழுவில் இதை எடுத்தபோது எதிர்ப்பு இல்லாமல் இல்லை. “கதை சொல்வதற்கெல்லாமா ஆலயப் பணம்?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. செலவுக் கணக்கைப் படித்துக் காட்டினேன். வண்ணப் பென்சில், தாள், இரண்டு பாய், தேநீர், பிஸ்கட். அவர் சிரித்துவிட்டு, பாய் நான் வாங்கித் தருகிறேன் என்றார். தந்தும்விட்டார்.

பணத்தைவிட ஆள்தான் தேவை. இப்போது நால்வர் இருக்கிறோம். இன்னும் இருவர் வேண்டும். வருபவர்கள் இல்ல நிர்வாகத்தின் அனுமதியும் பின்னணிச் சோதனையும் பெற வேண்டும். முதல் இரண்டு மாதம் வாய் திறக்காமல் வட்டத்தில் உட்கார்ந்து ‘உம்’ கொட்ட மட்டும் அனுமதி. ஓராண்டுக்குக் குறையாமல் வருவதாக உறுதி சொல்ல வேண்டும். ஏற்கெனவே பலரை இழந்த பிள்ளைகள் அவர்கள். நாலு வாரம் வந்து பழகிவிட்டு மறைந்துபோகும் இன்னொருவர் அவர்களுக்குத் தேவையில்லை. மலாய் தெரிந்தால் நல்லது, சில பிள்ளைகள் வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலாயில் முடிப்பார்கள். கதை சொல்லும் திறமை அவசியமில்லை. எனக்கும் அது இருந்ததில்லை என்று என் பழைய மாணவர்கள் சொல்வார்கள். சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு ஆலய வாசலிலிருந்து வேன் புறப்படும். விருப்பமுள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.